முடிந்துவிட்டது என்று நான் நினைத்த சத்தம்

அன்று என் கதிரை இருந்த இடத்தில் ஒரு மைக் நின்றது.

மூன்று கால் தாங்கியின் உச்சியில், நான் உட்கார்ந்தால் என் காது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில், பென்சில் போல மெலிந்த மைக். அதிலிருந்து கிளம்பிய வயர், சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த லப்டொப்பில் போய் முடிந்தது. சுவரோரம் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு பெரிய வூஃபர் பெட்டியும் விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் மாதிரிக் காத்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட மீன்குழம்பின் மணம் இன்னும் ஹோலை விட்டுப் போகவில்லை.

"ஒருத்தரும் கதைக்கக் கூடாது. ஃபானையும் நிப்பாட்டியாச்சு. இருமல் வந்தா வெளியில போய் இருமுங்கோ" என்றேன்.

"மூச்சு விடலாமோ அத்தான்?" என்று கேட்டாள் வசந்தி. அவள் என் மனைவியின் தங்கை.

"மெல்லமா விடு."

என் மனைவி மகேஸ் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் பழைய சிநேகிதன் நசார் செற்றியின் ஓரத்தில், ஆசுபத்திரியில் ஊசிக்குக் காத்திருப்பவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

நான் லப்டொப்பில் பொத்தானை அழுத்தினேன். நிலத்துக்கு அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல அந்தச் சத்தம் தொடங்கியது. தொடங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறியது.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன், ஓய்வுபெற்ற ஒரு கப்பல் இயந்திரக்காரன் தன் வீட்டு ஹோலைப் பரிசோதனைக் கூடமாக்கியது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கடலை விட்டு ஹோலுக்கு

இந்தத் தொடரில் இதுவரை நான் கடலை விட்டு அதிகம் விலகியதில்லை. இந்தக் கிழமை பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டு ஹோலைத் தாண்டப் போவதில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துக் கரைக்குக் கொண்டுவரும் இழுவைப் படகில் நான் இயந்திர அறையில் வேலை செய்தேன். அதே படகை மேலே நின்று ஓட்டியவன் நசார். அவன் கிண்ணியாக்காரன். அவனுக்குக் காற்றும் வெளிச்சமும், எனக்கு எண்ணெயும் இரைச்சலும். இதைச் சொல்லி நான் அவனைச் சீண்டிக் கரிக்காத நாள் கிடையாது.

ஓய்வு கிடைத்ததும் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. வீட்டில் ஒரு தியேட்டர். மகேஸ் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இன்னும் கணக்குப் படிப்பிக்கிறாள். கிழமை முழுவதும் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவள் ஞாயிற்றுக்கிழமையாவது கால் நீட்டிப் படம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி, எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய ஸ்பீக்கர் என்றால் பைத்தியம்.

அப்படித்தான் ஞாயிறு படம் தொடங்கியது. வசந்தி ஸ்கூட்டியில் வருவாள். நசார் கிண்ணியாப் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில், கையில் ஒரு தயிர்ச் சட்டியோடு வருவான். மகேஸ் வடை சுடுவாள். புது ஸ்பீக்கர்கள் வந்த நாளில் எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டல் அந்த ஒரு நாளோடு சரி.

பல்லுக் கூசும் படம்

முதல் குறை, வூஃபரிலிருந்து வரும் தாழ்ந்த உறுமல், அடிச்சத்தம். கதாநாயகன் ஒரு அடி எடுத்து வைத்தால் எங்கள் வீட்டில் யாரோ கூரையில் தேங்காய் போட்டதுபோல அதிர்ந்தது. கண்ணாடி ஷோகேசுக்குள் மகேஸ் அடுக்கி வைத்திருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன.

இரண்டாவது குறைதான் என்னை வாட்டியது. படத்தில் கதைக்கிறவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வில்லன் மிரட்டுகிறான் என்று முகத்தில் தெரிகிறது. என்ன சொல்லி மிரட்டுகிறான் என்று தெரியவில்லை. வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் போலிருந்தது.

நான் ரிமோட்டை எடுத்து, கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் இடத்துக்குப் போய்க் கொஞ்சம் ஏற்றினேன்.

"ஐயோ, பல்லுக் கூசுது" என்றாள் மகேஸ்.

"இப்பதான் கதை கொஞ்சம் விளங்குது" என்றேன். அடுத்த ஞாயிறு இன்னும் ஏற்றினேன். அதற்கடுத்த ஞாயிறு, ஏற்ற இனி இடமில்லை.

வசந்திக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் திடீரென்று தலையிடி வரத் தொடங்கியது. நசார் தயிரைக் கொடுத்துவிட்டு, "நான் வெளியில காத்து வாங்குறன் மச்சான்" என்று முற்றத்து மாமரத்தின் கீழ் போய் உட்கார்ந்தான். மகேஸ் அறைக்குள் படுத்துக்கொண்டு கைத்தொலைபேசியில், உள்ளங்கையளவு திரையில், படம் பார்த்தாள்.

ஹோலில் நானும் ஐந்து ஸ்பீக்கர்களும் மட்டும் இருந்தோம். எல்லோரையும் கூட்டி வைக்கத்தான் இதை வாங்கினேன். இது வந்த பிறகு அவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசையிலும் கதை குறைந்தது. ஒரு நாள் மகேஸ் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஒண்டில் அதை வித்துப் போடுங்கோ, இல்லாட்டி நான் ஞாயிற்றுக்கிழமையில தங்கச்சி வீட்டை போறன்."

"ஸ்பீக்கரில பிழையப்பா. மேல்சத்தம் வருகுதில்லை. நான் நிரூபிச்சுக் காட்டுறன்" என்றேன்.

இயந்திர அறையில் மானியின் முள்ளைப் பார்க்காமல் நாங்கள் எதையும் பிழை என்று சொல்வதில்லை. காது சொன்னாலும் கை சொன்னாலும், முள் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடியபோது ஹோலையும் அப்படி அளக்கலாம் என்று தெரிந்தது. ஒரு சத்தத்தை அடியிலிருந்து நுனிவரை ஓடவிட வேண்டும். மைக் அதைக் கேட்டு, எந்த இடத்தில் கூட, எந்த இடத்தில் குறைய என்று திரையில் கோடு கீறிக் காட்டும். கோடு சமதரைபோல இருந்தால் ஹோல் நல்ல ஹோல்.

மைக்கை வரவழைத்தேன்.

முழங்காலில் இரண்டு பேர்

சத்தத்தின் அடிப்பாதியை மட்டும் ஓடவிட்டு முதல் முறை அளந்தபோது கோட்டின் நடுவில் கோபுரம் போல ஒன்று எழுந்து நின்றது. நான் பயந்தே போனேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, சத்தம் ஓடிக்கொண்டிருந்த நேரம் சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் வீட்டுக்கு மேலால் போனது. அதையும் மைக் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. மறுமுறை மீன்காரரின் ஹோர்ன். அதற்கு மறுமுறை, பக்கத்து வீட்டு நாய் என் சத்தத்துக்குப் பதில் ஊளையிட்டது.

ஒருவழியாக ஒரு சுத்தமான கோடு கிடைத்தது. அடிச்சத்தம் இருக்கும் இடப்பக்கத்தில் யானை முதுகு மாதிரி ஒரு மேடு. கோப்பைகள் கிணுகிணுத்ததன் காரணம் அதுதான். வூஃபர் பெட்டி மூலையில் இருந்தது. மூலையில் இருந்தால் இரண்டு சுவரும் சேர்ந்து சத்தத்தைப் பெருப்பிக்கும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் கதிரையில் வைத்துப் பாட விட்டு, நாம் நிலத்தில் தவழ வேண்டும். எந்த இடத்தில் காதுக்கு அளவாகக் கேட்கிறதோ, அதுதான் வூஃபர் இருக்க வேண்டிய இடம்.

"தவழவா? எனக்கு முழங்கால் ஏலாது மச்சான்" என்றான் நசார்.

"எனக்கு மட்டும் ஏலுமோ? வா."

வூஃபர் கதிரையில் எஜமானைப் போல வீற்றிருக்க, நாங்கள் இரண்டு பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீமெந்துத் தரையில் தவழ்ந்தோம். பள்ளிக்கூடத்தால் வந்த மகேஸ் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் என்னத்தைத் துலைச்சுப் போட்டீங்கள்?"

"நல்ல இடம் ஒண்டைத் தேடுறம்."

"வெளியில நிறைய இடம் கிடக்கு" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள். ஆனால் உள்ளே அவள் சிரித்ததை நசார் கேட்டிருக்கிறான். பிறகு சொன்னான்.

அடிச்சத்தத்தில் என் காது பொய் சொல்லாது. இயந்திரத்தின் உறுமலில் ஒரு சிறு பிசகு என்றாலும் பிடித்துவிடுவேன். நானே இடத்தைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் மகேஸின் ஷோகேஸ் நின்றது. அதை நகர்த்த அனுமதி வாங்கியது தனிக் கதை. பின்னேரம் முழுவதும் கோப்பைகளைத் துடைத்து அடுக்கியது நானும் நசாரும்தான் என்று மட்டும் சொல்கிறேன். பிறகு நிலத்தில் ஒரு தடித்த விரிப்பும், கண்ணாடி யன்னல்களுக்குக் கனத்த திரையும் போட்டோம். மீண்டும் அளந்தபோது யானை முதுகு ஆமை முதுகாகியிருந்தது. மீதியை அம்ப்ளிஃபயரில் இருந்த ஈக்குவலைசர் என்னும் சமப்படுத்தியால் தட்டையாக்கினேன்.

இனி மிச்சமிருந்தது வலப்பக்கம். மேல்சத்தம். ஸ்பீக்கரின் பிழையைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டிய பக்கம். அதற்குத்தான் அந்த ஞாயிறு எல்லோரையும் கெஞ்சிக் கூப்பிட்டேன்.

மேலே ஏறிய சத்தம்

முனகல் உறுமலானது. உறுமல் ஊதலானது. ஊதல் விசிலானது. விசில் மெலிந்து, மெலிந்து, நூலாகி, நின்றது.

"முடிஞ்சுது" என்றேன். "பாத்தீங்களோ? இவ்வளவுதான். இதுக்கு மேல இந்த ஸ்பீக்கரில ஒண்டும் இல்லை."

திரும்பிப் பார்த்தேன்.

வசந்தி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மகேஸின் முகம் புளி தின்றதுபோலச் சுருங்கியிருந்தது. நசார் கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, பொறு என்பதுபோலக் காட்டினான்.

"என்ன?" என்றேன்.

"சத்தம் இன்னும் இரிக்கி மச்சான்" என்றான் அவன்.

நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அமைதி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதன் முள் துடித்தது, ஆனால் டிக் டிக் என்ற சத்தம் எனக்கு வரவில்லை. எவ்வளவு காலமாக வரவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன்.

கொஞ்ச நேரத்தில் நசார் கையை இறக்கினான். "எனக்கு முடிஞ்சிட்டு" என்றான். பிறகு மகேஸின் முகம் தளர்ந்தது. கடைசியில் வசந்தி காதிலிருந்து கையை எடுத்தாள்.

லப்டொப்பில் கோடு வந்திருந்தது. இடப்பக்கம் சமதரை. நடுவும் சமதரை. மேல்சத்தம் இல்லை என்று நான் அடித்துச் சொன்ன வலப்பக்கத்தில், கோணேசர் மலை மாதிரி ஒரு மலை. நான் ரிமோட்டால் கிழமைக்குக் கிழமை ஏற்றி ஏற்றிக் கட்டிய மலை.

ஸ்பீக்கரில் ஒரு பிழையும் இல்லை.

கையால் கதைத்த காலம்

எங்கள் இயந்திர அறையில் இரண்டு பெரிய இயந்திரங்கள் நின்றன. அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவனின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. நாங்கள் கையால்தான் கதைத்தோம். எண்ணெய்க்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒன்று, தேத்தண்ணிக்கு ஒன்று, மேலே நிற்கும் நசாரைத் திட்டுவதற்கு ஒன்று. எண்ணெய் துடைக்கும் பஞ்சைச் சுருட்டிக் காதுக்குள் வைப்போம். வியர்வையில் அது விழுந்துவிடும். திரும்ப வைக்க நேரமிருக்காது.

வேலை முடிந்து மேலே வந்தால் உலகம் கொஞ்ச நேரம் தூரத்தில் இருப்பதுபோல இருக்கும். இரவு படுத்து எழும்பினால் சரியாகிவிடும். அப்படித்தான் நினைத்தோம். கிட்டத்தட்ட என் வேலைக்காலம் முழுவதும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு, அந்த மலையின் முன்னால் உட்கார்ந்தபோது, லப்டொப்பை மூடப் போய், மூடாமல் கையை எடுத்துக்கொண்டேன். வெட்கமா, பயமா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்தது.

மகேஸ் குசினி வாசலிலிருந்து வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அண்டைக்கு நான் சோடா வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்ல, நீங்கள் தோடைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து நிண்டீங்கள். ஞாபகமோ?"

"ஓம்."

"நான் எவ்வளவு பேசினனான். ஒண்டு சொன்னா ஒண்டு செய்யிறீங்கள், என்ர சொல்லுக்கு மதிப்பில்லை எண்டு."

"ஓம்."

"இவ்வளவு காலமும், இந்த மனுசனுக்கு என்ர கதை அலுத்துப் போச்சு, அதுதான் வேணுமெண்டு கேளாத மாதிரி இருக்கிறார் எண்டு நினைச்சனான்." அவள் லப்டொப்பின் கோட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். "எனக்கு இப்ப எவ்வளவு சந்தோசமாக் கிடக்குத் தெரியுமோ?"

"புருசனுக்குக் காது கேக்கேல்லை எண்டு சந்தோசமோ?"

"ஓம். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே!"

வசந்தியும் சிரித்துவிட்டாள். நசார் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். இயந்திர அறைக்காரனைக் கரிக்க அவனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் அவன் குசினிக்குள் போய்க் கோப்பைகளோடு வந்தான். தயிர்ச் சட்டியைத் திறந்து, சீனி போட்டு, முதல் கோப்பையை எனக்குத் தந்தான்.

இரண்டு கோடுகள்

அந்தக் கிழமையே மகேஸ் லீவு போட்டு என்னைக் காது பார்க்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லி ஒரு பொத்தானைக் கையில் தந்தது அங்கே வேலை செய்யும், முன்பு மகேஸிடம் படித்த ஒரு பெண்பிள்ளை. தாழ்ந்த சத்தங்களுக்கு நான் அழுத்திய வேகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை தலையாட்டியது. பிறகு எனக்கு நீண்ட ஓய்வு. அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை ஹெட்போனில் சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் என் காதின் கோட்டைக் காட்டியது. வலப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு.

நான் கைத்தொலைபேசியில் எங்கள் ஹோலின் கோட்டைக் காட்டினேன். அந்தப் பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. என் காதின் பள்ளம் எங்கே தொடங்கியதோ, கிட்டத்தட்ட அங்கேதான் ஹோலின் மலையும் தொடங்கியது. எனக்குத் தெரியாமலே என் பள்ளத்தை நிரப்ப மற்றவர்களின் தலையில் மலையைக் கட்டியிருக்கிறேன்.

"இதுகள் ச, த மாதிரி எழுத்துகளுக்குரிய இடம் ஐயா. அதுதான் ஆக்கள் கதைக்கிறது கேக்கும், விளங்காது" என்றது அந்தப் பிள்ளை. "நீங்கள் இனி ஹோலை மாத்த வேண்டாம். உங்களுக்குத் தேவையான கூட்டலை உங்கட காதுக்குள்ள வைப்பம்."

"அப்ப இவரின்ர காதுக்கும் ஒரு சமப்படுத்தி பூட்டுறீங்களோ?" என்று கேட்டாள் மகேஸ்.

"ஓம் டீச்சர். அதேதான்."

காதுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் சின்னக் கருவிகள். முதல் நாள் பூட்டிக்கொண்டு வீதிக்கு வந்தபோது உலகம் முழுக்கக் கடதாசி சுருட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. என் செருப்பு சரசரத்தது. என் சட்டை சரசரத்தது. ஓட்டோவில் ஏறியதும் மகேஸின் கைப்பை ஜிப் இழுபட்டது கேட்டுத் திடுக்கிட்டேன். பழகச் சில கிழமைகள் எடுத்தன. ஒருநாள் கழற்றி எறியவும் நினைத்தேன். மகேஸ் எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டாள்.

மறுபடி ஞாயிறு

பழகிய பிறகு வந்த ஒரு ஞாயிறு, ரிமோட்டை எடுத்து அந்த மலையை முழுவதாக இடித்தேன். மைக்கை நிறுத்திக் கடைசித் தடவை அளந்தேன். கோடு சமதரையாக வந்தது. சின்ன மேடு பள்ளம் இருந்தது. வீடுதானே, இருக்கட்டும்.

வசந்திக்குத் தலையிடி வரவில்லை. நசார் மாமரத்தை எட்டியும் பார்க்கவில்லை. வடை வந்தது. திரைச்சீலையை மூடினோம். படம் தொடங்கியது.

மழைக் காட்சி ஒன்று. மழை ஒவ்வொரு துளியாக விழுந்தது. கதாநாயகி அந்த மழைக்குள் ஏதோ ஒரு சொல்லை மெல்லமாகச் சொன்னாள். அது எனக்கு விளங்கியது. முழுச் சொல்லும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. ஒருவருக்கும் காட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு குரல் கேட்டது.

"குடையை விரிச்சுப் போட்டு அழலாம்தானே. இனித் தடிமன் வந்தா ஆர் ஆவி பிடிக்கிறது?"

அது படத்திலிருந்து வரவில்லை. எனக்கு இடப்பக்கமிருந்து, மிக மெல்லிய, வாய் அசைவது தெரியாத குரலில் வந்தது.

திரையில் கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தான்.

"இவருக்கு முழங்கால் வருத்தம் இல்லைப் போல."

வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நீளமாகப் பேசத் தொடங்கினான்.

"இது எங்கட பள்ளிக்கூட அதிபரின்ர கூட்டப் பேச்சைவிட நீளம். ஆராவது மணியை அடியுங்கோ."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வில்லன் கதாநாயகனின் தகப்பனைக் கொல்லப் போகும் கட்டம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தான், அக்கா சொன்னது உங்களுக்குக் கேட்டதே?" என்றாள் வசந்தி.

நான் மகேஸைப் பார்த்தேன். அவள் பிடிபட்டவளைப் போல வடையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீர் எப்பவும் படத்துக்கு இப்பிடிக் கதைக்கிறனீரோ?"

"எப்பவுமோ?" என்றாள் வசந்தி. "அக்காவுக்குப் பக்கத்தில இருக்கத்தானே நாங்கள் எல்லாரும் அடிபடுறனாங்கள்!"

"படம் பாக்கவெண்டா நான் கிண்ணியாவில இரிந்து வந்தன்?" என்றான் நசார். "படம் எங்கட ஊட்டிலயும் இரிக்கி மச்சான்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனுசியோடு எத்தனை படம் பார்த்திருப்பேன்! அத்தனையிலும் இரண்டாவது படம் ஒன்று என் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. ஊரெல்லாம் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

ரிமோட்டை எடுத்தேன். மாதக்கணக்காக அளந்து, தவழ்ந்து, கோப்பை துடைத்துச் சரிக்கட்டிய அத்தனை ஸ்பீக்கர்களின் சத்தத்தையும் குறைத்தேன்.

"ஏனப்பா குறைக்கிறீங்கள்? நல்லாத்தானே கேக்குது" என்றாள் மகேஸ்.

"உம்மட கதை சரியாக் கேக்கேல்லை. கொஞ்சம் பிலத்துச் சொல்லும்."

வெட்கப்பட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் திரையை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம்தான் அவளும் பொறுத்திருப்பாள்? கதாநாயகன் மறுபடியும் மாடி ஏறினான்.